ஆறுகால் நீருண்ணி

கால்கள் எட்டாயின் சிலந்தி இனம், ஆறாயின் பூச்சி இனம் எனப் பள்ளிப் பருவத்தில் நாம் கற்ற பாகுபாடு தடுமாறும் இடமொன்று உண்டு. ஐரோப்பியக் குளங்களில் வாழும் அர்ரெனூரஸ் பாபில்லேட்டர் என்னும் செந்நிற நீர்ச்சிலந்திப்பேனின் இளவுயிரியே அது. சிலந்தி வகுப்பைச் சார்ந்ததாயினும், முட்டையினின்று வெளிப்படுங்கால் அதற்குக் கால்கள் ஆறே. விலங்கியல் துறை நண்பர் காட்டிய படத்தில் கால்களை எண்ணி, 'இது பூச்சியன்றோ?' என்று வினவி நகைப்புக்கு இடமானமையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பெயரும் நம்மை மயக்குகிறது. தலையில் வாழும் பேன் மெய்யாகவே ஆறுகாற் பூச்சி. 'நீருண்ணி' எனின் மாட்டுண்ணியோடு இதற்குள்ள உறவு விளங்கும். நமக்கு அதுவே ஏற்புடைத்து. இவ்வினத்தை 1776இல் விவரித்தவர் டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ பிரெடரிக் முல்லர். அர்ரெனூரஸ் என்னும் பேரினப் பெயரைப் பிரெஞ்சு அறிஞர் துஜேஸ் 1834இல் இட்டார். ஆண், வால் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ச்சி அது. வளர்ந்த ஆணின் உடல் பின்புறம் வால்போல் நீள்வதால் அமைந்தது.

இளவுயிரிக்கோ வாலில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழக் கால் பங்கே அளவுடைய அதன் முதுகைக் கேடயம் போன்றதொரு தகடு மூடியுள்ளது. வயிற்றுப்புறத்தில், கால்கள் பொருந்தும் இடங்களிலும் தகடுகள் உள. முதலிரு கால்களின் அடிப்பகுதிகட்கிடையே பக்கத்திற்கொன்றாக நுண்ணுறுப்புகள் அமைந்துள்ளன. உடலின் நீர், உப்புச் சமநிலையைப் பேணுவன இவை எனக் கருதுவர். முன்னே துருத்திய வாய்ப்பகுதியில் துளைக்கும் கெலிசெராக்களும், பற்றிக்கொள்ளும் கொக்கியுடைய பெடிபால்ப்புகளும் உண்டு. குடலோ பின்வாயில் முடிவதில்லை. முட்டுச்சந்து போல் அடைபட்டுள்ளது. திண்மம் உண்ணும் வாய்ப்பே இல்லை. கழிவுக்கெனத் தனித்துளை ஒன்று வயிற்றுப்புறத்தில் உளது.

இவ்வுறுப்புகளின் பயன் தட்டானிடத்தே புலனாகும். (தும்பி என எழுதாமைக்குக் காரணம், சங்க நூல்களில் அச்சொல் மலர் நாடும் வண்டினத்தைக் குறித்தலே.) இளவுயிரி நீந்திச் சென்று, நீருள் வாழும் தட்டான் குஞ்சின்மேல் தொற்றிக்கொள்ளும், அப்போது உண்பதில்லை. குஞ்சு கரையேறித் தோலுரித்துத் தட்டானாகும் சிறுபொழுதில், உரிந்த தோலைவிட்டுப் புதிய மென்னுடலுக்குத் தாவவேண்டும். தவறின் வெற்றுத்தோலோடு எஞ்சி மடியும். தாவியபின் இவ்வினம் சிறகு நரம்புகளை நாடுகிறது. சிம்பெட்ரம் வகைத் தட்டான்களின் சிறகுகளில் செம்மணி கோத்தாற்போல் இவை காணப்படுவதுண்டு.

நரம்பைத் துளைத்ததும் இளவுயிரி சுரக்கும் நீர்மம், ஓம்புயிரின் உடலுக்குள் உறிஞ்சுகுழலாக உறைகிறது. தட்டானும் வாளாவிருப்பதில்லை, சில இனங்கள் அக்குழலைச் சுற்றிக் கருநிறப் பொருளைப் படியச்செய்து ஒட்டுண்ணியைப் பட்டினியால் கொல்லும். தப்பியது குருதிநீர் பருகி உருண்டையாகப் பருக்கும். தகடுகள் வளரா, அவற்றிடையேயுள்ள மென்தோலே விரிகிறது. ஆதலின் முழுவுடலையும் மூடியிருந்த முதுகுத்தகடு, செம்பந்தின்மேல் ஒட்டிய சிறு சில்லாகத் தோன்றும்.

தட்டான் மீண்டும் நீர்நிலையை அணுகுங்கால் இளவுயிரி கழன்று நீரில் வீழவேண்டும். நிலத்தில் வீழின் அழிவே. நீரில் அசைவற்றதோர் உறக்கநிலையைக் கடந்து வெளிப்படும்போதுதான் அதற்கு எட்டுக் கால்கள்.