உங்க புரோகிராமும் லெட்டர் போடும்!

சொந்தமா மெயில் சர்வர் இல்லையா? நோ டென்ஷன் மக்களே... இருக்கவே இருக்கு ஈஸி ரூட்!

டிபார்ட்மென்ட் சிம்போசியம் வந்தாச்சு. ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன் பேஜ் ரெடி. பேர், காலேஜ், மெயில் ஐடி எல்லாம் டேட்டாபேஸ்ல சமத்தா போய் உட்காருது. 'பதிவு செஞ்சவங்களுக்கு கன்ஃபர்மேஷன் மெயில் தானா போகணும்ப்பா'னு ஹெச்.ஓ.டி. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவார் பாருங்க... அங்கதான் ஆரம்பிக்குது வினை!

பி.ஹெச்.பி.யில 'மெயில்'னு ஒரு ஃபங்ஷனே இருக்கேனு குஷியா ரன் பண்ணினா, 'லோக்கல்ஹோஸ்ட்ல 25-ம் நம்பர் போர்ட்ல மெயில் சர்வரைக் காணோம்'னு எரர் வந்து நிக்கும். காரணம் சிம்பிள். உங்க புரோகிராமுக்கு லெட்டர் எழுதத் தெரியும். ஆனா, கொண்டுபோய்ப் போட போஸ்ட் ஆபீஸ் இல்லை. அதுக்காக சொந்தமா போஸ்ட் ஆபீஸ் கட்டணுமா என்ன? ஏற்கெனவே இருக்கிற ஒண்ணுல போட்டுட்டு வந்தா போதாதா!

சர்வர் பேசுற பாஷை

மெயில் அனுப்புறதுக்கு கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற பாஷைக்குப் பேரு எஸ்.எம்.டி.பி. 1982-ல இதை எழுதிக் கொடுத்தவர் ஜோனதன் போஸ்டல். (அட, பேர்லயே போஸ்ட் இருக்கு!) பாஷை ரொம்ப எளிமை. 'ஹலோ'னு ஆரம்பிக்கணும். யார்கிட்ட இருந்து, யாருக்குன்னு சொல்லணும். அப்புறம் விஷயத்தைக் கொட்டி, கடைசியில ஒரு தனி வரியில ஒரே ஒரு புள்ளி வெச்சா லெட்டர் முடிஞ்சுது. ஒவ்வொரு படியிலயும் சர்வர் ஒரு நம்பரை பதிலா சொல்லும். 250-ன்னா ஓகே. 535-ன்னா யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு. 550-ன்னா, பெரும்பாலும் அப்படி ஒரு அட்ரஸே இல்லை, இல்லாட்டி உங்க மெயில் வேண்டாம்னு அர்த்தம்.

'இவ்ளோதானே, நானே ஒரு சர்வர் போட்டுடறேன்'னு கிளம்புற ஆளா நீங்க? கொஞ்சம் நில்லுங்க பாஸ். 1978-லேயே அர்பாநெட்ல கேரி தியூர்க்ங்கிறவர் சில நூறு பேருக்கு ஒரே நேரத்துல விளம்பர மெயில் தட்டி, ஸ்பாமுக்குப் பிள்ளையார் சுழி போட்டுட்டார். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் நிறைய இன்டர்நெட் கம்பெனிகளும் பெரிய கிளவுடு கம்பெனிகளும் 25-ம் போர்ட் வழியா மெயில் வெளியே போறதை மூடி வெச்சிருக்காங்க. அப்படியே போனாலும், ஊர் பேர் தெரியாத சர்வர் அனுப்புற மெயிலை எதிர் சர்வர் நம்பாது.

ரூட் நம்பர் 1: ஜிமெயில்

உங்க ஜிமெயில் அக்கவுன்ட்டே போஸ்ட் ஆபீஸ்! பைத்தான்ல இதுக்கான லைப்ரரி கூடவே வருது, தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஜிமெயிலோட எஸ்.எம்.டி.பி. சர்வர் பேரையும் 587-ம் போர்ட்டையும் கொடுத்து, டி.எல்.எஸ். பூட்டைப் போட்டுட்டு லாகின் பண்ணணும். 465-ம் போர்ட்னா ஆரம்பத்துல இருந்தே பூட்டுதான். பத்து, பதினஞ்சு வரியில வேலை முடிஞ்சுடும்.

ஒரே ஒரு ட்விஸ்ட். பழைய சீனியர் புராஜெக்ட்ல இருந்து கோடை அப்படியே சுட்டா ஓடாது. 2022 மே 30-க்கு அப்புறம், சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டை புரோகிராம்ல கொடுத்து நுழையற வசதியை கூகுள் நிறுத்திடுச்சு. இப்போ டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணிட்டு, 'ஆப் பாஸ்வேர்டு'ன்னு 16 எழுத்துல ஒண்ணு வாங்கணும். அதைத்தான் கோடுக்குக் கொடுக்கணும். இன்னொண்ணு... ஒரு நாளைக்கு 500 மெயில்தான் லிமிட். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு இதுவே தாராளம்!

ரூட் நம்பர் 2: வாடகை போஸ்ட்மேன்

ஆயிரக்கணக்குல அனுப்பணுமா? மெயில் அனுப்புறதையே தொழிலா வெச்சிருக்கிற அமேசான் எஸ்.இ.எஸ்., மெயில்கன் மாதிரி சர்வீஸ்கள் இருக்கு. இவங்க கொடுக்கிற ஏ.பி.ஐ. கீயை வெச்சு, வெப்சைட்டைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டா மெயில் போயிடும். 25-ம் போர்ட் தலைவலியே கிடையாது. ஆனா, சொந்த டொமைன் பேர் வேணும். 'எங்க பேர்ல இவங்க மெயில் அனுப்பலாம்'னு டொமைன் ரெக்கார்டுல எழுதி வைக்கணும். எஸ்.பி.எஃப்., டிகிம்னு சொல்றது இதைத்தான். 2024 பிப்ரவரியில இருந்து, ஜிமெயிலுக்கு மெயில் அனுப்புற எல்லாரும் இந்த ரெண்டுல ஒண்ணாவது வெச்சிருக்கணும்னு கூகுள் கறாரா சொல்லிடுச்சு.

பாஸ்வேர்டு பத்திரம்!

கோடுக்குள்ளேயே பாஸ்வேர்டை டைப் பண்ணி, அதை அப்படியே கிட்ஹப்ல ஏத்திட்டா கதை கந்தல். பார்க்கிறவன் எவன் வேணும்னாலும் உங்க பேர்ல மெயில் அனுப்பலாம். அடுத்த கமிட்ல அழிச்சாலும் பழைய ஹிஸ்டரியில அது குத்துக்கல்லு மாதிரி இருக்கும். அதனால பாஸ்வேர்டைத் தனி ஃபைல்ல வெச்சு, அந்த ஃபைல் கிட்ல ஏறாம தடுத்துடுங்க. ஏற்கெனவே ஏறிட்டா, அழிக்கிறதை விட முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு: அந்த ஆப் பாஸ்வேர்டையே கேன்சல் பண்ணிடணும்.

இன்னும் சில 'நச்' டிப்ஸ்:

* சொந்த அக்கவுன்ட் வேண்டாம். அசோசியேஷன் பேர்ல தனி அக்கவுன்ட் ஆரம்பிங்க. திரும்பி வர்ற மெயிலை டீம்ல யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

* 300 பேர் அட்ரஸையும் 'டு'வுல மொத்தமா போடாதீங்க. யாரோ ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணோட மெயில் ஐடி ஊருக்கே தெரிஞ்சுடும். லூப் போட்டு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்புங்க.

* டெஸ்ட் பண்றப்போ நிஜ ஆளுங்களுக்கு அனுப்பாதீங்க. மெயில்டிராப் மாதிரி டம்மி இன்பாக்ஸ்ல விட்டுப் பாருங்க.

250 வந்தா பாஸா?

இதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஸ்கிரீன்ல 'மெயில் சென்ட்'னு வந்ததும் டீம் டீ குடிக்கப் போயிடும். ஆனா, 250-க்கு அர்த்தம் 'லெட்டரை வாங்கிக்கிட்டேன், இனி என் பொறுப்பு'ங்கிறது மட்டும்தான். அதுக்கப்புறம் அது ஸ்பாம் ஃபோல்டர்ல விழலாம், தப்பான அட்ரஸ்னு திரும்பியும் வரலாம். ஹால் மாறினது தெரியாம, விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடிச்சு நாலு மணி நேரம் வந்து, பூட்டின ஹால் முன்னாடி நிக்கிற பையனுக்கு உங்க 250-ஆல என்ன லாபம்? அதனால, மெயில் போன கையோட ரெஜிஸ்ட்ரேஷன் பேஜ்லயும் அதே விவரத்தைப் போடுங்க. திரும்பி வந்த மெயில் லிஸ்ட்டைப் பார்த்து, அவங்களுக்கு ஒரு போனைப் போட்டுடுங்க.

அதுக்கு எந்த சர்வரும் தேவையில்லை மக்களே... செல்லுல பேலன்ஸ் இருந்தா போதும்!