இடமும் பழக்கமும் – கெத்தும் ஆய்வு கூறும் உண்மை

உணவு தரும்போதெல்லாம் ஓர் ஓசையை எழுப்பி வந்தால், பின்னர் அவ்வோசை ஒன்றே நாயின் வாயில் உமிழ்நீரை ஊறச் செய்யும். ரஷ்ய அறிஞர் பாவ்லவ் கண்ட இவ்வுண்மையை உளநூலார் ஆக்கநிலையுறுத்தல் என்பர். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இதனை நன்கறிவர். போதைப் பழக்கத்திலும் இதே விதி செயற்படுவதை நம் நாட்டு ஆய்வொன்று காட்டுகின்றது.

கெத்தும் மரத்தின் இலையை மெல்லுவதும் காய்ச்சிக் குடிப்பதும் வெயிலில் உழைப்போரிடையே நெடுநாள் வழக்கமாகும். அவ்விலையின் முதன்மையான சத்து மித்ராகைனின். 2003ஆம் ஆண்டில் அது 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டது.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்சத்தை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். இவ்வகைச் சோதனையில் தோற்றத்தால் வேறுபட்ட இரண்டு அறைகள் இருக்கும். ஓர் அறையில் எலிக்கு மருந்து. மற்றதில் மருந்தில்லா நீர்மம். சில நாள் இவ்வாறு பழக்கியபின், மருந்து ஏதும் தராமல் இடைக்கதவைத் திறந்துவிடுவர். எலி மருந்து பெற்ற அறையிலேயே மிகுதியான நேரம் தங்குமாயின், அது இடத்தையும் இன்பத்தையும் இணைத்துக் கற்றுவிட்டது என்பது பொருள். மித்ராகைனின் பெற்ற எலிகள் அவ்வாறே தங்கின.

2017ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு மேலும் கருதத்தக்கது. மூளையில் அபினி வகைப் பொருள்கள் பற்றும் இடங்களை அடைப்பது நலாக்சோன் என்னும் மருந்து. பழக்கும் நாள்களில் இதனை முன்னரே கொடுத்தபோது எலிகள் அவ்வறையை நாடக் கற்கவில்லை. ஆனால், கற்றுவிட்ட எலிகளுக்குப் பின்னர்க் கொடுத்தபோது அந்நாட்டம் குன்றவில்லை. கற்பதைத் தடுத்த மருந்தால் கற்றதை நீக்க இயலவில்லை.

எலி வேறு, மனிதன் வேறு; ஆயினும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றுக்குச் சிகிச்சை முடிந்து திரும்பும் இளைஞன் பழைய பாலத்தடியையும் பழைய கூட்டாளிகளையும் கண்டதும் தடுமாறினால், அவனை மன உறுதியற்றவன் என்று ஏசுகிறோம். அவனை இழுப்பது அவ்விடத்தோடு பிணைந்துவிட்ட பயிற்சியுமாகும். உணவின்றி ஓசையை மட்டும் பன்முறை கேட்ட நாயிடம் உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்தது என்பதையும் பாவ்லவ் கண்டார். ஆதலின் மீட்சிக்கு வழியுண்டு. அதற்குக் காலமும் துணையும் வேண்டும். முதற் பிணைப்பே ஏற்படாதவாறு, நம் பிள்ளைகளின் மாலைப்பொழுதைப் பாடத்தாலும் பந்தாட்டத்தாலும் நிரப்புவது அதனினும் எளிது. அது நம் கையில் உள்ளது.