கர்ப்பிணித் தாயின் கையிலுள்ள வழிகாட்டி

தாய்மை அடைந்த பெண்ணுக்கு அறிவுரை கூறுவோர் நம் தோட்டங்களில் ஏராளம். மாமியார் ஒன்று சொல்வார். பக்கத்து வீட்டு அக்காள் வேறொன்று சொல்வார். அனைத்தும் அன்பினால் கூறப்படுபவையே. ஆயினும், எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதை முறையாக அறிய, அரசாங்கச் சுகாதார நிலையம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இளஞ்சிவப்பு நிறப் புத்தகம் ஒன்றைக் கொடுக்கிறது. மலாய் மொழியில் இருக்கிறதே என்று அதைப் பெட்டிக்குள் வைத்துவிடலாகாது.

முதல் மூன்று மாதங்கள்: கண்ணேறு படும் என்று அஞ்சி, வயிறு தெரியும்வரை செய்தியை மறைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தாதியிடம் சொல்லியே ஆக வேண்டும். 12 வாரம் நிறைவதற்குள் பதிந்துகொண்டால் இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் யாவும் பரிசோதிக்கப்படும். குறை ஏதும் இருப்பின் அதைச் சரிசெய்யக் காலமும் இருக்கும். களைக்கொல்லி தெளிக்கும் வேலையிலுள்ள பெண்கள் உடனே வேறு வேலை கேட்டுப் பெற வேண்டும்.

நடு மூன்று மாதங்கள்: இக்கட்டத்தில் கவனிக்க வேண்டியது இரத்தச்சோகை. பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், முன்னரே இரத்தம் குன்றிய உடல் அதைத் தாங்காது. எனவே இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உண்ண வேண்டும். தேநீருடன் விழுங்கினால் அதன் பயன் குறையும், தண்ணீரே நன்று. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மரம் வெட்டச் செல்வதும் கூடாது.

புத்தகத்தில் ஒட்டப்படும் வண்ண அடையாளத்தையும் அறிந்துகொள்வோம். இம்முறை நம் நாட்டில் 1989-இல் தொடங்கியது. வெள்ளை என்றால் தாதியரின் கவனிப்பே போதும். பச்சை என்றால் சுகாதார நிலைய மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவமனை நிபுணரிடம் செல்ல வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும். கெடாவில் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளில் மகப்பேற்று நிபுணர்கள் உள்ளனர்.

இறுதி மூன்று மாதங்கள்: குழந்தையின் அசைவை நாள்தோறும் எண்ணிப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். காலை முதல் 12 மணி நேரத்தில் பத்து அசைவுகள் இல்லையெனில் மறுநாள்வரை காத்திருத்தல் ஆகாது. இரத்தக்கசிவு, பனிக்குட நீர் வடிதல், கடுந்தலைவலியுடன் கண் மங்குதல், வலிப்பு ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகள். இரவாயினும் 999 எண்ணை அழைக்கத் தயங்கக்கூடாது.

வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் மரபு. பாலிங்கில் பதிந்த பெண் கூலிமில் பிள்ளை பெறக்கூடும். அங்குள்ள மருத்துவருக்கு அவளுடைய இரத்த வகையையும் முந்தைய குறைகளையும் நொடியில் சொல்வது அப்புத்தகமே. வளையலும் சேலையும் அடுக்கும் பெட்டியில் அதை அடியில் வைக்காமல், கைப்பையில் வைத்துக்கொள்க.

வேலைச் சட்டத் திருத்தப்படி, 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. பிரசவத் தேதியைத் தோட்ட அலுவலகத்திற்கு முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

இறுதியாகக் கணவன்மார்க்கு ஒரு வார்த்தை. மலாய் படிக்கத் தெரிந்தவர் நீங்களாயின், இன்றிரவே அப்புத்தகத்தை எடுத்து மனைவிக்குப் படித்துச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனை நாள் எது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அன்று அவரை அழைத்துச் செல்வது உங்கள் கடமை.