60,000 ரூபாய் மதர்போர்டு வாங்கலாமா? ஓவர்கிளாக்கிங் கணக்கை ஒரு ஆடிட்டர் போட்டுப் பார்த்தால்...



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அத்தை பையன் போன் பண்ணினான். வயது 25. சென்னையில் ஐ.டி. வேலை. கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய்.

"அண்ணா, கேமிங் பி.சி. அசெம்பிள் பண்ணப் போறேன். லிஸ்ட் அனுப்பியிருக்கேன். போர்டை மட்டும் நோ காஸ்ட் இ.எம்.ஐ.ல போட்டுக்கலாம்னு இருக்கேன். ஓகே தானே?"

லிஸ்ட்டைப் பார்த்தேன். மதர்போர்டு 60,000. பிராசஸர் 50,000. லிக்விட் கூலர் 15,000. ராம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேபினெட் எல்லாம் சேர்த்து 45,000. கிராஃபிக்ஸ் கார்டு 30,000. மொத்தம் 2 லட்சம். கையில் சேர்த்து வைத்திருப்பது 1,40,000. மீதி 60,000 கடன்.

"மானிட்டர் எது?"

"பழசு தான் அண்ணா. 60 ஹெர்ட்ஸ்."

"எதுக்குடா இவ்வளவு பெரிய போர்டு?"

"ஓவர்கிளாக் பண்ணலாம்ல!"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மதர்போர்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த 60,000-ல் எந்த ரூபாய் எதற்குப் போகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஓவர்கிளாக்கிங் ஆரம்பித்ததே காசு மிச்சம் பிடிக்கத்தான்

பிராசஸரைக் கம்பெனி சொன்ன வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு மலிவு பிராசஸர் வந்தது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் அதே சிப் 450-ல் ஓடியது. அதாவது 50 சதவீதம் கூடுதல் வேகம், கூடுதல் செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. 2011-ல் வந்த ஐ5-2500கே-யும் அப்படித்தான். 3.3 ஜிகாஹெர்ட்ஸ் சிப்பை 4.5 வரை கொண்டு போனவர்கள் நிறைய பேர்.

இப்போது நிலைமை வேறு. ஐ9-14900கே பெட்டியைப் பிரிக்கும்போதே 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை தானாகவே போகும். கம்பெனிக்காரனே எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் நம் கையில் தருகிறான். நீங்கள் கஷ்டப்பட்டு 6.2-க்குக் கொண்டு போனாலும் கிடைப்பது 3.3 சதவீதம்தான். திரவ ஹீலியம் ஊற்றி 14900கேஎஸ்-ஸை 9.1 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓட வைத்து உலக சாதனை பண்ணியிருக்கிறார்கள். ஆனால் அது போட்டி. உங்கள் வீட்டு ரூமில் நடக்காது.

அந்த 3 சதவீதத்துக்குச் செலவு என்ன? இன்டெல் பக்கம் ஓவர்கிளாக் பண்ண, பெயரில் 'கே' உள்ள பிராசஸர் வேண்டும். அதோடு 'இசட்' வகை சிப்செட் போர்டும் வேண்டும். பி760 போர்டில் ராம் வேகத்தை ஏற்றலாம், பிராசஸர் வேகத்தை ஏற்ற முடியாது. பிறகு பெரிய கூலர், பெரிய பவர் சப்ளை. ஒரு காலத்தில் மிச்சம் பிடிக்கும் வழியாக இருந்தது, இன்று தனியாக ஒரு செலவுக் கணக்காகிவிட்டது.

இன்னொரு விஷயம். சிப் எடுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். வேகத்தை 5 சதவீதம் ஏற்ற, வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினீர்கள் என்றால் 1.1 × 1.1 × 1.05 = 1.27. அதாவது 5 சதவீத வேகத்துக்கு 27 சதவீதம் கூடுதல் மின்சாரம், அதே அளவு கூடுதல் சூடு. கரண்ட் பில்லைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். கூடுதலாக 100 வாட், தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட்தான். பிரச்சினை அந்தச் சூட்டை வெளியேற்ற வாங்க வேண்டிய பொருட்களின் விலை.

சரி, பெரிய போர்டில் அப்படி என்னதான் இருக்கு?

அவன் பார்த்து வைத்திருந்தது ஆசஸ் ஆர்.ஓ.ஜி. மேக்ஸிமஸ் இசட்790 ஹீரோ. அமெரிக்காவில் 629 டாலருக்கு அறிமுகமான போர்டு. நம்ம ஊரில் விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்கு 60,000 என்றே வைத்துக்கொள்வோம். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டுமே 9,150 ரூபாய் சொச்சம். சம்பளக்காரர்கள் இதைத் திரும்பப் பெற வழியில்லை.

* வி.ஆர்.எம்.: பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை பிராசஸருக்குத் தேவையான ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுக்கும் பகுதி. ஹீரோவில் 20+1 பவர் ஸ்டேஜ், ஒவ்வொன்றும் 90 ஆம்பியர். 14900கே-யின் அதிகபட்ச டர்போ பவர் 253 வாட். அதற்கு இது தேவைக்கு ரொம்ப மேலே. நடுத்தர பிராசஸருக்கு இதில் பாதி இருந்தாலே தாராளம்.
* பி.சி.ஐ.இ. 5.0 ஸ்லாட்: கேட்க நல்லா இருக்கும். ஆனால் ஆர்.டி.எக்ஸ். 40 வரிசை கார்டுகள் எல்லாம் 4.0 தான். 50 வரிசையில்தான் 5.0 வந்தது. 30,000 ரூபாய் கார்டுக்கு இதனால் பெரிய வித்தியாசம் வராது.
* 5 எம்.2 ஸ்லாட், 2 தண்டர்போல்ட் 4 போர்ட்: வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு உண்மையிலேயே உதவும். கேம் மட்டும் ஆடுபவர், ஒன்றிரண்டு எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்திக்கொள்வார்.
* எர்ரர் கோடு காட்டும் சின்ன டிஸ்ப்ளே, போர்டிலேயே ஸ்டார்ட் பட்டன், பயாஸ் ஃப்ளாஷ்பேக்: தினம் பார்ட்ஸை மாற்றிப் பரிசோதிப்பவருக்கு வரப்பிரசாதம். முதல் இரண்டை நம்மில் பலர் வருஷத்துக்கு ஒரு முறைகூடத் தொட மாட்டோம். ஃப்ளாஷ்பேக் பல நடுத்தர போர்டுகளிலும் இப்போது கிடைக்கிறது.

பிராண்ட், லைட், கனமான ஹீட்சிங்க் எல்லாம் மீதி. அது பிடித்திருந்தால் தப்பில்லை. ஆனால் அது பெர்ஃபார்மன்ஸ் இல்லை, ஆசை. ஆசைக்குச் செலவு செய்யலாம், கடன் வாங்கித்தான் செய்யக் கூடாது.

இன்னொரு முக்கியமான கேள்வி சாக்கெட்டின் ஆயுள். இந்த இசட்790 போர்டில் இருப்பது எல்ஜிஏ1700. 12, 13, 14-வது தலைமுறை இன்டெல் சிப்கள் இதில் பொருந்தும். 2024 அக்டோபரில் வந்த அடுத்த தலைமுறை டெஸ்க்டாப் சிப்களுக்கு எல்ஜிஏ1851 என்று சாக்கெட்டே மாறிவிட்டது. ஏ.எம்.டி. பக்கம் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. ஏ.எம்.டி.யில் பெரும்பாலான ரைசன் சிப்களை பி650 போர்டிலேயே ஓவர்கிளாக் பண்ணலாம், தனி விலை இல்லை.

உங்களுக்கே தெரியாமல் நடக்கும் ஓவர்கிளாக்கிங்

பங்குச் சந்தையில் மார்ஜின் போட்டு டிரேட் பண்ணுபவருக்கு, ரிஸ்க் எடுக்கிறோம் என்றாவது தெரியும். மதர்போர்டில் அது தெரியாமலேயே நடக்கலாம்.

சில போர்டுகள் வாங்கி வைத்த நாளிலிருந்தே, பிராசஸர் கம்பெனி பரிந்துரைத்த பவர் வரம்பைத் தளர்த்தி ஓட்டும். ரிவ்யூவில் நம்பர் அழகாக வரும் என்பதுதான் காரணம். 2024-ல் இன்டெல் 13, 14-வது தலைமுறை சிப்கள் பலருக்கும் கிராஷ் ஆகத் தொடங்கின. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் சிக்கல் என்று இன்டெல் விளக்கியது. சிப்புக்குள் இருந்த மைக்ரோகோடு தவறு ஒரு காரணம், பரிந்துரையைத் தாண்டிய போர்டு செட்டிங் இன்னொரு காரணம். ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது, வாரன்ட்டியும் 2 வருஷம் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை அந்தத் திருத்தத்தால் சரிசெய்ய முடியாது.

ஏ.எம்.டி.யும் தப்பவில்லை. 2023-ல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டிலேயே கருகின. அதன் பிறகு எஸ்.ஓ.சி. வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்தார்கள்.

அதனால் புது போர்டு வாங்கினால் முதல் வேலை, பயாஸை அப்டேட் பண்ணுவது. இன்டெல் என்றால் பயாஸில் 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்க.

அப்போ சல்லிசான போர்டு வாங்கிடலாமா?

கூடாது. இதை என் அனுபவத்திலேயே சொல்றேன். ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிக்கொண்டிருந்தபோது, கடையில் இருந்ததிலேயே குறைந்த விலை போர்டை வாங்கினேன். வி.ஆர்.எம். மேல் ஹீட்சிங்க்கே கிடையாது. அதில் ஓவர்கிளாக் வேறு. எட்டாவது மாதம் ஒரு ராத்திரி, ஆடிட் ஃபைல் ஓபன் ஆகியிருக்கும்போதே கருகிய வாசனை. ஓவர்கிளாக் பண்ணியதால் வாரன்ட்டி கேட்கப் போகவும் கூச்சம். புது போர்டுக்கு இரண்டு மாத ஸ்டைபண்ட் போனது. அன்றைக்கு மிச்சம் பிடித்தது வெறும் 1,500 ரூபாய்.

எனவே என் அளவுகோல் இதுதான். வி.ஆர்.எம். மேல் நல்ல ஹீட்சிங்க், 2 எம்.2 ஸ்லாட், பயாஸ் ஃப்ளாஷ்பேக், 3 வருஷ வாரன்ட்டி. இது நான்கும் இருக்கிற நடுத்தர போர்டு போதும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. கணக்கு

60,000 ரூபாய்க்கு மாதம் 5,000, 12 மாதம். வட்டி எங்கே என்று கேட்பீங்க. வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 16 சதவீத வட்டி என்று எடுத்துக்கொண்டால், அந்த 60,000-க்குள் சுமார் 4,890 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. கடைக்காரர் அதைத் தள்ளுபடியாகக் கொடுக்கிறார். ஆனால் வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 880 ரூபாய், உங்கள் கார்டு பில்லில்தான் வரும். பிராசஸிங் ஃபீஸ் தனி. மொத்தப் பணம் கட்டினால் கடைக்காரர் தந்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு.

தொகை சின்னதுதான். ஆனால் அவனுக்கு ஏற்கெனவே பைக் இ.எம்.ஐ. 4,200 ஓடுகிறது. எமர்ஜென்ஸி ஃபண்ட் பூஜ்யம். ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் என்ன பண்ணுவாய் என்று கேட்டேன். பதில் இல்லை.

கடைசியில் என்ன வாங்கினான்?

இருவரும் உட்கார்ந்து லிஸ்ட்டை மாற்றினோம். பி650 போர்டு 20,000. நடுத்தர ரைசன் சிப் 20,000. ஏர் கூலர் 3,000. மற்றவை 40,000. கிராஃபிக்ஸ் கார்டு 30,000-லிருந்து 60,000 ஆனது. மொத்தம் 1,43,000. கேமில் நாம் கண்ணால் பார்க்கிற வித்தியாசம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறது. அந்தப் பட்ஜெட் இரண்டு மடங்கானது, கடன் காணாமல் போனது. இ.எம்.ஐ. கட்ட இருந்த 5,000 இப்போது மாதாமாதம் ஆர்.டி.க்குப் போகிறது. ஒரு வருஷத்தில் 60,000 அசல், அதுதான் அவன் எமர்ஜென்ஸி ஃபண்டின் ஆரம்பம். மானிட்டர் அடுத்த போனஸில்.

"அப்போ ஓவர்கிளாக்கிங் கிடையாதா அண்ணா?" என்றான் பாவமாக.

இருக்கு. அதுவும் இலவசமாக. 6000 வேக டிடிஆர்5 ராம் வாங்கிவிட்டு, பயாஸில் எக்ஸ்போ (இன்டெல் என்றால் எக்ஸ்.எம்.பி.) ஆன் பண்ணாமல் விட்டால் பெரும்பாலும் 4800-லேயே ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ரைசனில் 'கர்வ் ஆப்டிமைசர்' மூலம் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்க. சூடு குறையும், பல நேரம் வேகமும் ஏறும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: எக்ஸ்போவும் ஓவர்கிளாக்கிங் கணக்கில்தான் வரும், வாரன்ட்டி விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்க.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம்

1. ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, உங்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பில், அதில் சீரியல் நம்பர். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று மயங்காதீங்க.
2. சாக்கெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீங்க. வாரன்ட்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள். பின் வளைந்திருந்தால் வாரன்ட்டி கிடைப்பது கஷ்டம்.
3. ஃப்ரீலான்ஸ் அல்லது யூடியூப் வருமானம் இருந்து, முறையாகக் கணக்கு எழுதினால், தொழிலுக்குப் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம். அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. "டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்று நண்பர் சொன்னால் நம்பாதீங்க.

உங்களிடம் எமர்ஜென்ஸி ஃபண்ட் இருக்கிறது, கடன் இல்லை, ஓவர்கிளாக்கிங்தான் உங்கள் பொழுதுபோக்கு என்றால் ஹீரோ போர்டைத் தாராளமாக வாங்குங்க. சிலர் கேமரா லென்ஸ் வாங்குவார்கள், சிலர் டூர் போவார்கள், அது மாதிரிதான் இதுவும்.

லிஸ்ட் போட்டு வைத்திருப்பவர்கள் அதில் போர்டு விலையையும் கிராஃபிக்ஸ் கார்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்க. கேமிங்குக்காக வாங்கும் பி.சி.யில் போர்டு விலை அதிகமாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு ராத்திரி யோசிங்க. அடுத்த வீடியோவில் கிரெடிட் கார்டு பில்லில் இ.எம்.ஐ. வரிகளை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.