பாட்டனார் பிறந்த ஊர்

ஏடுகளிற் பாடபேதம் காண்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அது என் குடும்பத்திலேயே வந்து வாய்க்கும் என்று தோன்றியதில்லை. சென்ற ஆண்டு தந்தையார் மறைந்தபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். அட்டனுக்கு அண்மையில், டிக்கோயாத் தோட்டமொன்றின் லயத்திலே காக்கப்பட்ட பெட்டி அது. அதனுள் என் பாட்டனாரைக் குறித்த தாள்கள் மூன்று இருந்தன. ஒன்றில் அவர் டிக்கோயாவிற் பிறந்தவர்; மற்றொன்றில் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த ஒரு சிற்றூரிற் பிறந்தவர். மூன்றாவதில் ஊரே இல்லை. அவர் தந்தையின் பெயரே அவர் பெயராக நின்றது.

எது மெய் என்று வினவுமுன், எழுதியவன் எதன்பொருட்டு எழுதினான் என்று வினவவேண்டும். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரும், அதே ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையும் பல பிரதிகளை ஒருங்கே வைத்து ஒப்புநோக்கியே பாடந் துணிந்தனர். யானும் அவ்வழியே சென்றேன்.

மூன்றனுள் மூத்தது துண்டு. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் புகுமுன், அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதித் தரும் சீட்டு அது. 1921இற் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. கடன் பூட்டனார் பெயரில் இருந்தமையால், அதனைச் சுமந்த மகனுக்கும் அப்பெயரே இடப்பட்டது போலும். கடன்சீட்டுக்கு வமிசாவளியைப் பற்றி என்ன கவலை!

டிக்கோயா என்று கூறுவது, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பாட்டனார் இட்ட விண்ணப்பத்தின் பிரதி. மணமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமை காட்டவேண்டும் என்றது அச்சட்டம். ஊர்க் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போய்வந்ததும் ஐயத்துக்கு இடமாயிற்று. அந்நிலையில் கடல்கடந்த ஊரின் பெயரை எவர் எழுதுவார்? விண்ணப்பம் தள்ளப்பட்டது.

திருச்சிராப்பள்ளி என்பது பெரியப்பா எழுதியது. 1964 ஒக்டோபரிற் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் பாதி பாதியாகப் பிரித்தனர். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஊர்ப்பெயர் வேண்டும். முன்னர் மறைக்கப்பட்ட ஊர் இப்போது தேடப்பட்டது. பெரியப்பா தலைமன்னாரிற் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தை அடைந்தார். தந்தையார் இங்கேயே நாடற்றவராய் இருந்து, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசையானார். உடன்பிறந்தார் இருவர், அவர்தம் தந்தைக்குப் பிறந்த ஊரும் இரண்டு!

இத்தாள்களை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எண்பது கடந்தவர், எழுத்தறியார். "ரெண்டும் தப்பு தம்பி" என்றார்.

பாட்டனார் இறந்த அன்று, அவருடைய மூத்த தமக்கையார் ஒப்பாரியிலே வரலாறு முழுவதையும் சொல்லி அழுதாராம். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்த வடபாதையில், நிறைமாதத் தாயின் கையைப் பற்றி வந்த சிறுமி அவர். தம்புள்ளையை அடையுமுன் தாய்க்கு நோவு கண்டது. தம்பி வழியிலே பிறந்தான். தந்தைவழியை மட்டுமே கேட்ட சட்டங்கள் இப்பெண்களை ஒரு சொல்லும் கேட்டதில்லை.

அத்தை சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டில் அதற்குமுன் பிறந்தவனின் தந்தையும் இந்நாட்டிற் பிறந்திருப்பின் அவன் வமிசாவளிப் பிரசையாவான். தந்தையாரும் பெரியப்பாவும் தோட்டத்து லயத்திற் பிறந்தவர்கள். பாட்டனார் தம்புள்ளை வழியிற் பிறந்தவர். ஆகவே இருவரும் தொடக்கத்திலிருந்தே இந்நாட்டுப் பிரசைகள். விண்ணப்பமும் வேண்டியதில்லை, கப்பலும் வேண்டியதில்லை. ஆனால், நடைவழியில் நிகழ்ந்த பிறப்பை எந்தப் பதிவுகாரர் எழுதினார்? ஒப்பாரியை எந்த மன்று சான்றாகக் கொள்ளும்?

கூடலூரிலுள்ள பெரியப்பா மகனுக்கு இவற்றை எழுதினேன். "அந்த இடத்தை அத்தையிடம் கேட்டு வையுங்கள், ஒருமுறை வந்து பார்க்கவேண்டும்" என்று மறுமொழி வந்தது. கேட்டேன். அத்தைக்குத் தெரிந்தது ஒரு குளக்கரையும் ஒரு மருதமரமும். தம்புள்ளைக்கு வடக்கே குளங்களுக்கும் குறைவில்லை, மருதுக்கும் குறைவில்லை.