அளவறிந்து ஊட்டல்: பனியூர்தியில் எரிபொருள் பீச்சியும் கணிப்பொறியும்

முன்னுரை

மனிதன் கண்ட பொறிகளுள் பல வசதியை நாடிப் பிறந்தவை. சில துயரத்தின் வயிற்றில் பிறந்தவை. ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்தி இரண்டாம் வகையைச் சார்ந்தது. கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில், வால்கோர்ட் என்னும் சிற்றூரில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்துவந்தவர் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இளம் மகன் கடும் வயிற்று நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டி குறித்து இளமை முதலே ஆய்ந்துவந்த அத்தந்தை, பற்சக்கரத்தால் இயங்கும் தொடர்பட்டையை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரத்தக்க பி-7 என்னும் ஊர்தி எழுந்தது. 1959இல் ஸ்கி-டூ என்னும் சிறிய பனியூர்தி வெளிவந்தது.

உதவி எட்டாத இடத்தை எட்டுவதற்கென்றே பிறந்த ஊர்தி, உதவி எட்டாத இடத்தில் நின்றுவிடலாகாது. இன்றைய பனியூர்தி நில்லாது ஓடுவது, ஒரு சிறு கருவியும் ஒரு கணிப்பொறியும் ஒன்றையொன்று சரியாக அறிந்திருப்பதைப் பொறுத்தது. அவ்வுறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எஞ்சினின் பசி

பெட்ரோல் தனித்து எரிவதில்லை; காற்றோடு கலந்தே எரிகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் எஞ்சின் புகையும். ஸ்பார்க் பிளக் கரிபடிந்து நனையும். பெட்ரோல் குறைந்தாலோ தீங்கு பெரிது. வெப்பம் கட்டுமீறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகும், சில வேளைகளில் அதன் தலையே உருகித் துளைபடும். தூய அலுமினியம் 660 பாகை செல்சியஸ் அளவில் உருகும் இயல்பினது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

பனியூர்தியில் இப்பசி நாழிகைதோறும் மாறும். சுழியத்துக்குக் கீழ் 30 பாகையில் உள்ள காற்று, சுழியத்துக்கு மேல் 30 பாகையில் உள்ள காற்றைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. குளிர் கூடக்கூட எரிபொருளும் கூடவேண்டும்; மலைமேல் ஏற ஏறக் காற்று மெலிவதால் எரிபொருளும் குறையவேண்டும். கார்புரேட்டர் இருந்த காலத்தில் இம்மாற்றத்திற்கேற்பத் துளைக்குமிழ்களைக் கையால் மாற்றினர். பின்னர் அப்பணியைக் கணிப்பொறி ஏற்றது. அது காற்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எஞ்சினின் வேகத்தையும் உணரிகள் வழி அறிந்து, இன்ஜெக்டர் எனப்படும் எரிபொருள் பீச்சிக்கு ஆணையிடுகிறது.

கணிப்பொறி அறிவது காலமே

இங்கு ஓர் உண்மையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கணிப்பொறி எரிபொருளை அளப்பதில்லை, காலத்தையே அளக்கிறது. பீச்சி எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதே அதன் ஆணை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரு மாத்திரை எனக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாகக் கொண்டு ஒலியை அளந்த இலக்கணம் நம்முடையது. இங்குள்ள மாத்திரை அதனினும் நுண்ணியது. நிமிடத்திற்கு 8,000 முறை சுழலும் ஈரடிப்பு எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு 7.5 மில்லிசெகண்டே உண்டு. அதற்குள் பீச்சி திறந்து, பீச்சி, மூடவேண்டும். வினாடிக்கு ஏறத்தாழ 133 முறை இவ்வாறு நிகழவேண்டும்.

காலம் அளவாக மாறுவது எங்ஙனம்? நிமிடத்திற்கு 300 மில்லிலிட்டர் பாய்ச்சும் பீச்சி ஒன்று 4 மில்லிசெகண்டு பாய்ச்சுவதாகக் கொள்வோம். வெளிவருவது 0.02 மில்லிலிட்டர். அவ்விடத்தில் 270 மில்லிலிட்டர் பாய்ச்சும் வேறொரு பீச்சியைப் பொருத்தினால், அதே ஆணைக்கு 0.018 மில்லிலிட்டரே வரும். கணிப்பொறி 14.7 என்று எண்ணியிருக்கும் விகிதம் 16.3 ஆகிவிடும். ஆணை சரி, கணக்கும் சரி. பெற்றது மட்டும் தவறு.

மின்தடையும் பொருந்தவேண்டும். 12 ஓம் தடையுள்ள பீச்சி 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும். 2 ஓம் தடையுள்ளது 6 ஆம்பியர் இழுக்க முயலும். முன்னதற்கென அமைந்த கணிப்பொறியோடு பின்னதை இணைத்தால் அதன் உட்சுற்று கருகும். இணைப்பான் பொருந்துவதாலேயே பீச்சி பொருந்தியதாகக் கொள்ளலாகாது.

ஒரே அச்சு, வேறு இயல்பு

அவ்வாறாயின், ஒரே வகையான இரு பீச்சிகள் ஒத்திருக்குமா என்னும் வினா எழும். ஒரே ஆலையில், ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டும் முற்றிலும் ஒத்தவை அல்ல. துளையின் விட்டத்தில், சுருளின் இறுக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தே தீரும்.

2009ஆம் ஆண்டு மாதிரியில் ஸ்கி-டூ ஊர்திகளுக்கு வந்த இ-டெக் எஞ்சின் இவ்வேறுபாட்டை மறைக்க முயலாமல் ஏற்றுக்கொண்டது. இதில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் அசைவதுபோல, 55 வோல்ட் மின்சாரத்தால் அசையும் சுருளே எரிபொருளை அழுத்தித் தள்ளுகிறது. ஆலையில் ஒவ்வொரு பீச்சியும் தனித்தனியே சோதிக்கப்பட்டு, அதன் இயல்பு எண்களாகப் பதியப்படுகிறது. பீச்சியின் மேல் வரிசை எண் பொறிக்கப்படுகிறது. அவ்வரிசை எண்ணுக்குரிய பதிவை எஞ்சினின் கணிப்பொறியில் ஏற்றியபின், அது மிகையாகப் பீச்சுவதற்கு ஆணையைக் குறைத்தும் குறைவாகப் பீச்சுவதற்கு ஆணையைக் கூட்டியும் இரு சிலிண்டர்களுக்கும் நிகராக ஊட்டுகிறது. நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் அறிந்தே புணர்ச்சி விதி கூறுவதுபோல, பீச்சியின் இயல்பறிந்தே இங்கு ஆணை பிறக்கிறது எனலாம்.

பொருந்தாவிடின்

பிழை நேரும் வாயில்கள் மூன்று. புதிய பீச்சியைப் பொருத்திவிட்டுப் பழையதன் பதிவையே விட்டுவைத்தல் ஒன்று. பழுதுபார்த்த பின் இடப்பக்கப் பீச்சியை வலப்பக்கமும் வலப்பக்கப் பீச்சியை இடப்பக்கமும் மாற்றிப் பொருத்துதல் மற்றொன்று. புதிய கணிப்பொறியை வைத்துவிட்டுப் பீச்சிகளின் பதிவை அதில் ஏற்ற மறத்தல் மூன்றாவது. இப்பிழைகள் நேர்ந்தும் வண்டி ஓடக்கூடும், அதுவே ஆபத்தாகும்.

கார்களில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி பிழையைக் கண்டு திருத்தும். ஈரடிப்பு எஞ்சினின் புகையில் எண்ணெய் கலந்திருக்கும். எரியாத புதுக்காற்றும் கலந்து வெளியேறும். ஆதலின் ஈரடிப்புப் பனியூர்திகளில் பொதுவாக அவ்வுணரி இடம்பெறுவதில்லை. கணிப்பொறி தனக்குச் சொல்லப்பட்டதை நம்பியே நடக்கிறது. பொய்யான பதிவு கொடுத்தால் பொய்யாகவே ஊட்டும். இரு பிஸ்டன்களும் ஒரே சுழல்தண்டில் பிணைந்திருப்பதால், ஒன்று இறுகினாலும் எஞ்சின் முழுதும் நின்றுவிடும். உறைபனிக் காட்டில், மனித நடமாட்டமற்ற இடத்தில், அந்தி சாயும் நேரத்தில் அது நிகழ்ந்தால் இழப்பு எஞ்சினோடு முடிவதில்லை.

தற்காப்போ எளியது. பீச்சியில் பொறித்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, கணிப்பொறியில் அந்தந்தச் சிலிண்டருக்குப் பதிவாகியுள்ள எண்ணோடு ஒப்பிடவேண்டும். கழற்றும் முன்னரே எது எப்பக்கத்தது என அடையாளமிடவேண்டும். இதற்குச் செல்வது சில நிமிடங்களே.

முடிவுரை

நம் மண்ணில் பனி இல்லை, பனியூர்தியும் இல்லை. ஆயினும் இச்செய்தி நமக்குரியது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். ஒரே பாடத்தை ஒரே நேரம் ஊட்டினும் ஒவ்வொருவரும் கொள்வது ஒரே அளவன்று. ஒவ்வொரு பீச்சியின் இயல்பையும் தனித்தனியே கேட்டறிந்து ஆணையிடக் கணிப்பொறிக்குக் கற்பித்த மனிதன், தன் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் இயல்பைக் கேட்டறிய மறந்துவிடலாகாது. இது ஆசிரியர்களாகிய எங்களுக்கு. மாணவ மணிகளுக்கு ஒன்று: எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் அச்சில நிமிடங்களைச் சிறு வேலை என்று இகழாதீர்கள். தொலைவில் ஓர் உயிர் வீடு திரும்புவது அதைப் பொறுத்திருக்கலாம்.