அந்தத் தோள்வலிக்குப் பனடோல் போதாது

கொழும்புக் கடலின் ஆழத்தில் கிடக்கும் பழைய கப்பலைப் பார்த்துவிட்டு மேலே வருகிறார் ஒருவர். ஒரு மணித்தியாலத்தில் தோள் வலிக்கத் தொடங்குகிறது. சிலிண்டர் தூக்கிய வலி என்று படகில் இருப்பவர்கள் தேற்றுகிறார்கள். இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுக்கிறார். மறுநாள், முன்பே பதிவுசெய்த பயணம் என்பதால், வேனில் நுவரெலியாவுக்கு ஏறுகிறார். பாதி மலையில் கால் மரத்துப்போகிறது. இந்தத் தவறை ஆட்கள் மாறி மாறிச் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வீணாவது சிகிச்சைக்குரிய முதல் சில மணித்தியாலங்கள்.

1917 பெப்ரவரியில் ஜெர்மனியின் வோல்ஃப் கப்பல் போட்டுச் சென்ற கடற்கண்ணிகளில் மோதி பேர்சியஸ், வூஸ்டர்ஷயர் என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் கொழும்புக்கு அருகே மூழ்கின. வூஸ்டர்ஷயர் கிடப்பது 57 மீட்டர் அளவில். பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே போக வேறு பயிற்சியும் வேறு வாயுவும் வேண்டும். 57 மீட்டரில் சாதாரணக் காற்று மூளையை மயக்கும். அதிலுள்ள ஒட்சிசனின் அமுக்கமும் பாதுகாப்பு வரம்பான 1.4 பாரைத் தொட்டுவிடும். அதனால்தான் ஹீலியம் கலக்கிறார்கள். ஏறும்போது 21 மீட்டரில் சுவாசிக்கவென்று கொண்டுபோகும் 50 வீத ஒட்சிசன் சிலிண்டரை அடியிலேயே வாயில் வைத்தால் வலிப்பு வரும், ஆள் மூழ்கிவிடுவார். உங்கள் சிலிண்டரிலுள்ள வாயுவை நீங்களே அளந்து பார்ப்பது உங்கள் உரிமை. அளவும், அது செல்லுபடியாகும் ஆழமும், திகதியும் சிலிண்டரில் எழுதி ஒட்டப்படாவிட்டால் இறங்க மறுத்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஆழத்தில் உடலில் கரைந்த வாயு, ஏறும்போது குமிழிகளாகி மூட்டிலும் முள்ளந்தண்டிலும் தங்குவதுதான் அமுக்கத் தளர்வு நோய். கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் நம் சுழியோடிகளை முடக்குவதும் இதே நோய்தான். மூட்டுவலி, தோலில் புள்ளிகள், மரத்துப்போதல், தலைசுற்று, சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இந்த நோய் என்றே கொள்ளுங்கள். சுழியோடல் கணினி காட்டிய நேரப்படி ஒழுங்காக ஏறியவருக்கும் இது வரலாம்.

உடனே செய்யவேண்டியது, முகமூடி வழியாக 100 வீத ஒட்சிசன். நோயாளியை மட்டமாகக் கிடத்துங்கள். வலி போய்விட்டது என்று சொன்னாலும் முகமூடியைக் கழற்றாதீர்கள். குணமாக்கலாம் என்று மீண்டும் கடலில் இறக்கவே கூடாது. கரையிலிருப்பவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். கூடவே சுழியோடிகளுக்கு உதவும் டான் (DAN) அமைப்பின் 24 மணிநேர இலக்கமான +1-919-684-9111க்கும் பேசுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்கும் அங்கே சுழியோடல் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

நோயாளியோடு ஒரு தாளும் போகவேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எந்தெந்த வாயு, மேலே வந்த நேரம், முதல் அறிகுறி தெரிந்த நேரம், ஒட்சிசன் தொடங்கிய நேரம் என எல்லாவற்றையும் எழுதி நோயாளியின் சட்டையில் குத்திவிடுங்கள். அவருடைய சுழியோடல் கணினியையும் சேர்த்து அனுப்புங்கள். வாய்மொழியாக “கடலில் குளித்தவர்” என்று சொன்னால் அவசரப் பிரிவில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். “அமுக்கத் தளர்வு நோய், அமுக்க அறைச் சிகிச்சை தேவை” என்று தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். வைத்தியர் மறுத்தால் டான் வைத்தியரோடு அவரைப் பேசவையுங்கள்.

இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. அறை இயங்குகிறதா, வைத்தியர் இருக்கிறாரா என்று படகு புறப்படுமுன் கேட்டு வைப்பது ஏற்பாட்டாளரின் கடமை. கேட்காதவரின் படகில் ஏறாதீர்கள். தரைவழி போவதானால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியே போங்கள். கண்டிப் பக்கம் ஏறவேண்டாம். உயரம் கூடக் கூடக் குமிழி பெரிதாகும். நோய் இல்லாதவரும் சுழியோடி 24 மணித்தியாலத்துக்குள் விமானமோ மலையோ ஏறக்கூடாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். திரும்பவும் சொல்கிறேன், மறுநாள் காலை மலைப்பயணம் வேண்டாம்.

காப்புறுதிப் பத்திரத்தில் ஆழ எல்லை என்ற பகுதியைப் புறப்படுமுன் படியுங்கள். பல பயணக் காப்புறுதிகள் 30 மீட்டரோடு நின்றுவிடும். அதற்குக் கீழே நேரும் விபத்துக்கு ஒரு ரூபாயும் வராது.

இன்னொன்று: கப்பலிலிருந்து பீங்கானோ பித்தளையோ எதையும் மேலே கொண்டுவராதீர்கள். நூறு ஆண்டு கடந்த கப்பல் சிதைவுகள் இலங்கையில் தொல்பொருள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. இந்த இரண்டு கப்பல்களும் 2017இலேயே அந்த எல்லையைக் கடந்துவிட்டன. யாராவது எடுத்துவந்திருந்தால் தண்ணீரில் ஊறவைத்தபடியே வைத்து, தொல்லியல் திணைக்களத்துக்கோ காலியிலுள்ள கடல்சார் தொல்லியல் பிரிவுக்கோ எழுத்தில் அறிவியுங்கள். ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.

படகில் ஒட்சிசன் சிலிண்டரும் முகமூடியும் இருக்கின்றனவா என்று ஏறுமுன் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வால்வைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் ஏறாதீர்கள்.